பென்சிலுக்கு 98, எனக்கு 90

என்னிடம் இரண்டு பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் இருக்கின்றன, விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவிகள். ஒன்று, பென்சிலைக் கவ்வக் கொடுத்தாலும் 98 காட்டும். இன்னொன்றை நான் நம்புகிறேன். இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன்.

2021 மே மாதம், ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு மருந்துக்கடையில் 2,400 ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன். பெட்டியின் மேல் ஒரு கம்பெனி பெயர், கருவியின் மேல் வேறொரு பெயர். அன்றைக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பில்லை. ஜூலை மாதம் அரசு இந்தக் கருவிகளின் விநியோக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்தது. அதற்குள் என் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் 97, 98 என்றே காட்டியது. ஒருநாள் பேரன் தன் பென்சிலை நுழைத்தான்: ஆக்சிஜன் 98, நாடித்துடிப்பு 72. பென்சில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அந்தக் கருவி இப்போது அவனுடைய விளையாட்டுச் சாமான்களோடு கிடக்கிறது.

இரண்டாவதை 2023-இல் 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று சொல்லாமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

திண்டுக்கல் பக்கம் ஒரு பஸ் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். 1993-இல் பின்னோக்கி வந்த ஒரு வண்டி என் காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், கால் பிழைத்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்ற வைரஸை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே 1989-இல்தான். நம் நாட்டு இரத்த வங்கிகளில் அதற்கான சோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகு. ஆகவே எனக்கு அந்த வைரஸ் அந்த மூன்று பாட்டில்களில் ஒன்றின் வழியாக வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அது என்னோடு ஓசியில் பயணம் செய்திருக்கிறது, பரிசோதகர் ஏறும்வரை. 2019-இல் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த வழக்கமான இரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டது.

மருந்து இலவசமாகக் கிடைத்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 84 நாள் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை. ஆனால் ஈரல் ஏற்கெனவே சுருங்கி, தழும்பேறி, சிரோசிஸ் ஆகியிருந்தது. வைரஸ் இறங்கிப் போனாலும் அது கிழித்த இருக்கை கிழிந்தது கிழிந்ததுதான்.

2022 பாதியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. குளித்துவிட்டுத் தலை துவட்ட நின்றால் வாங்கும். பாயில் சாய்ந்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஊரில் எல்லாருக்கும் படுத்தால் இரைக்கும், எழுந்து உட்கார்ந்தால் நிம்மதி. எனக்குத் தலைகீழ். ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள். ஏழு மாதம் இன்ஹேலர் உறிஞ்சினேன், பலன் ஒன்றுமில்லை. என் மனைவி நேரடியாகவே கேட்டாள்: "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது. அந்த வியாதி எங்கே கிடைக்கும்? எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்." நியாயமான கேள்விதான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

விடை ஓர் அரசு மருத்துவமனை வார்டில் கிடைத்தது. என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் ஈரல் சுருக்கம்தான், அவருக்கு ஹெபடைடிஸ் பி. அவரால் படுக்கவே முடியாது. இரவெல்லாம் தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்தே இருப்பார். வயிற்றில் சேர்ந்த நீர், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தின் சிறு துளைகள் வழியே மேலேறி நெஞ்சுக்கூட்டில், நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்தது. பெரும்பாலும் இது வலப்பக்கமே வருமாம். அவருக்கும் வலப்பக்கம்தான். ஊசி போட்டு வெளியேற்றியதைக் கண்ணால் பார்த்தேன், கள்ளின் நிறத்தில் இல்லை, வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்தே தூங்குவார், நான் உட்கார்ந்தால் திணறுவேன். ஒரே உறுப்பின் நோய், அடுத்தடுத்த கட்டிலில், எதிரெதிர்த் திசையில் மூச்சைப் பிடித்தது. ஈரல் கெட்டால் நுரையீரலுக்கு என்ன என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு கட்டில்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர், என் மார்புப் படத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். விரல் நுனிகள் தடித்து, நகங்கள் கிளிமூக்குப்போல வளைந்திருந்தன. வயதாகிறது என்று நினைத்து விட்டிருந்தேன். தோளிலும் நெஞ்சிலும் சிலந்திக்கால்போலச் சிவந்த புள்ளிகள் இருந்தன. அவற்றையும் எண்ணினார். பிறகு பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்து என் விரலில் மாட்டி, படுக்கச் சொல்லிப் பார்த்தார்: 96. எழுந்து நிற்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றோம். 94. 92. 90. "உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள்" என்றார். அவள் வந்து அந்தச் சிறிய திரையைப் பார்த்தாள். அன்றிலிருந்து ரேஷன் கடைக்கு அவளே போகிறாள்.

மருத்துவர் சொன்னதை என் தொழில் மொழியில் சொல்கிறேன். நுரையீரலில் இரத்தம் ஓடும் நுண்குழாய்கள் சந்துபோல இருக்க வேண்டும், 8 முதல் 15 மைக்ரான் அகலம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஒற்றை வரிசையில், மெதுவாக, ஓரமாக ஒட்டிப் போகும். ஆக்சிஜன் என்ற பயணிகள் சுவரைத் தாண்டி ஏறிக்கொள்வார்கள். ஈரல் கெட்டவர்களில் சிலருக்கு, குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை மிகுந்து, அந்தச் சந்துகள் அகன்று நெடுஞ்சாலையாகிவிடுகின்றன. 100 மைக்ரானையும் தாண்டி விரியும். அப்புறம் என்ன, பைபாஸ் ரைடர்தான். ஓரத்தில் போகிற வண்டி மட்டும் ஆள் ஏற்றும், நடுவில் போகிறவை நிலையத்துக்குள் வராமல் காலியாகவே பறந்துவிடும். இந்த விரிவு நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகம். நின்றால் ஈர்ப்பு விசையால் இரத்தம் அடிப்பகுதிக்கே இறங்குகிறது, காலி வண்டிகள் கூடுகின்றன. படுத்தால் இரத்தம் பரவலாக ஓடுகிறது, மூச்சு சீராகிறது. ஈரல்-நுரையீரல் நோய்க்குறித் தொகுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதை உறுதி செய்ய ஓர் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் படம், எடுத்தார்கள். உப்புநீரை ஊசிக்குழலில் நன்றாகக் குலுக்கி, நுண்குமிழிகளோடு கைநரம்பில் ஏற்றினார்கள். இதயத்தின் வலப்பக்கம் பனிபோல நிறைந்தது. குமிழிகள் சாதாரணமாக நுரையீரலிலேயே வடிகட்டப்பட்டுவிடும், இடப்பக்கம் வரக் கூடாது. வலப்பக்கம் வந்த உடனேயே இடப்பக்கமும் தெரிந்தால் இதயத்தில் ஓட்டை. மூன்று துடிப்புக்குப் பிறகு தெரிந்தால் நுரையீரலின் குழாய்கள் விரிந்திருக்கின்றன. எனக்கு நான்காவது துடிப்பில் வந்தன. நேரம் குறிப்பவன் அல்லவா, நானும் திரையைப் பார்த்து எண்ணினேன். மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தில், உட்கார்ந்த நிலையில், ஆக்சிஜன் அழுத்தம் 64 (இது சதவீதமல்ல, மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு). 60 முதல் 79 வரை நடுத்தரம். 60-க்குக் கீழே போனால் மாற்று ஈரல் பேச்சைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள். குழாய்களைப் பழையபடி சுருக்குவதற்கென்று நிரூபணமான மாத்திரை எதுவும் கிடையாது. தேவைப்படும்போது ஆக்சிஜன், கடைசியில் ஈரல் மாற்று, அவ்வளவுதான். மாற்றிய பிறகு பெரும்பாலானவர்களுக்கு நுரையீரலும் சில மாதங்களில் தேறிவிடுகிறதாம்.

இனி கருவி.

வெள்ளையும் நீலமுமாக, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு சிறிய பேட்டரிகள். ஆக்சிஜன், நாடித்துடிப்பு, துடிப்பு அலை, இரத்த ஓட்டத்தின் பலத்தைக் காட்டும் ஓர் எண், எல்லாம் ஒரே திரையில். பொத்தானை மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பி நிற்கும். எதிரில் இருப்பவர் படிக்க வசதி, என் மனைவிக்குப் பிடித்த அம்சம் இதுதான். விரலை எடுத்தால் எட்டு வினாடியில் தானே அணைந்துவிடும். நாளுக்கு நான்கு முறை பார்க்கிறேன், ஒரு ஜோடி பேட்டரி இரண்டு மாதம் வருகிறது. இருட்டில் திரை நன்றாகத் தெரிகிறது, மொட்டை மாடி வெயிலில் ஒன்றும் தெரிவதில்லை. எண் குறைந்தால் சத்தம் எழுப்பும் வசதி இல்லை. இந்த விலைக்கு அதை எதிர்பார்த்தது என் தவறாகவும் இருக்கலாம்.

வாங்கிய வாரமே மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். தமனி இரத்தம் எடுத்த அதே நேரத்தில் இன்னொரு கையில் இதை மாட்டிக்கொண்டேன். ஆய்வகம் 92 சதவீதம் என்றது, இது 93 என்றது. இரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். பென்சிலையும் நுழைத்துப் பார்த்தேன். கோடு கோடாகக் காட்டிவிட்டு அணைந்தது. அந்த இடத்தில் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது.

சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, துடிக்கும் இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடும் முறை இது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டது. அவர் 2020 ஏப்ரலில் இறந்தார், உலகமே அவர் கருவிக்கு வரிசையில் நிற்கத் தொடங்கிய சமயத்தில். துடிப்பை நம்பி நடக்கும் கணக்கு என்பதால் விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். விரல் ஆடினாலும், நகத்தில் அடர்ந்த சாயம் இருந்தாலும் அப்படித்தான். ஆடிப்பெருக்குக்கு மருதாணி வைத்திருந்த என் மனைவியின் விரலில் வெகுநேரம் எண்ணே வரவில்லை. நிறமும் ஒரு சங்கதி. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி சரியாக இருப்பதாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. நான் நல்ல கறுப்பு. ஆகவே 94 என்று வந்தால் மனத்துக்குள் ஒன்றைக் கழித்தே வைத்துக்கொள்கிறேன். இது மருத்துவர் சொன்னதல்ல, என் பழக்கம்.

இந்தக் கருவி என் உயிரைக் காத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒருமுறை என் பிடிவாதத்தை உடைத்தது. மச்சினியின் மகளுக்குக் கொடைக்கானலில் திருமணம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். யாரிடமும் கேட்காமல் கிளம்பினேன். வத்தலக்குண்டில் காபி குடித்தபோது உட்கார்ந்து 93. காட் ரோடு பிரிவைத் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் பேச்சைக் குறைத்தேன். பெருமாள்மலையில் 89. மண்டபத்தில் இறங்கி நின்றபோது 84. குளிர் விரல், அதனால்தான் என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு விதத்தில் அது சரியான வாதமும்கூட: இரத்த ஓட்ட எண் மிகக் குறைவாக இருந்தது, அலையும் தட்டையாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் தேநீர் வாங்கிவந்து என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தாள். ஐந்து நிமிடம் பிடித்திருந்தேன். விரல் சூடானது, அலை நன்றாக எழுந்தது. எண் 85. ஒரே ஒரு புள்ளிதான் குளிருடையது, மீதியெல்லாம் என்னுடையது. முகூர்த்தத்துக்கு இருக்கவில்லை. பின் இருக்கையில் என்னைப் படுக்க வைத்துக் கீழே இறக்கினார்கள். வத்தலக்குண்டு வந்தபோது, படுத்தபடியே, 95. திருமண வீட்டார் இன்றுவரை அந்த வருத்தத்தில்தான் இருக்கிறார்கள். மருத்துவர் திட்டியது தனிக் கதை.

இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ளவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு முறை பார்த்து, 96 வந்தது, நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிடாதீர்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 80-க்கு இறங்கும்வரை இந்த எண் 95, 96-க்குக் கீழே போகாது. 60-க்கு வந்தால் 90. அதற்குக் கீழே சறுக்குமரம். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களை இது கோட்டை விட்டுவிடும், அதற்குத் தமனி இரத்தமும் குமிழி எக்கோவும்தான். மூச்சு வாங்குவதன் காரணத்தையும் இது சொல்லாது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் எண் குறைந்துதான் இருந்தது, காரணம் நீர். இன்னும் சிலருக்கு நுரையீரல் இரத்தக் குழாய்கள் என்னுடையவைபோல விரியாமல், நேர்மாறாக இறுகி, இதயத்தின் வலப்பக்கத்தை அழுத்துகின்றன. அவர்களுக்கு எண் பெரிதாக இறங்காமலும் இருக்கலாம். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நுரையீரலும் கெடும் என்ற கணக்கும் இல்லை. என் ஈரல் பரிசோதனை எண்கள் பார்ப்பதற்கு மரியாதையாகவே இருந்தன.

நான் செய்வது இது. படுத்து பத்து நிமிடம் கழித்து ஒரு எண். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து ஒன்று. நின்று ஐந்து நிமிடம் கழித்து ஒன்று. பழைய பணிமனைப் பேரேடு ஒன்று வீட்டில் மிச்சமிருந்தது. "புறப்பாடு", "வருகை", "தாமதம்" என்று அச்சிட்ட மூன்று பத்திகளில் இவற்றை எழுதுகிறேன். நிற்கும் எண் தாமதப் பத்தியில். மருத்துவர் முதல் முறை அந்தப் பேரேட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இப்போது உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்கிறார்.

மைத்துனர் வாராவாரம் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறார். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்த 37 பேருக்குக் கொடுத்ததில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று எழுதியது உண்மை. மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை என்பதும் உண்மை. எனக்கு இருந்தது சி, இப்போது அதுவும் இல்லை. இதை அவரிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. செடி மாடிக்குப் போகிறது, அங்கே நன்றாக வளர்கிறது.

குறை ஒன்று பாக்கி. பதினான்காம் மாதம் கவ்வும் சுருள்வில் தளர்ந்தது. உத்தரவாதம் இரண்டு ஆண்டு என்று அட்டையில் இருக்கிறதே என்று கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கருவி இல்லாமல் இருந்தேன். பேரேட்டில் அந்தப் பக்கங்கள் காலி, பணிக்காலத்தில் வேலைநிறுத்த நாட்களில்தான் அப்படி விட்டிருக்கிறேன். திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் அதே தளர்ந்த வில், புத்தம் புதிய கழுத்து நாடா. தொலைபேசியில் கேட்டதற்கு, "சரிசெய்து அனுப்பியாகிவிட்டது ஐயா, பதிவில் இருக்கிறது" என்றார் ஒரு தம்பி. நாடா நல்ல நாடாதான், நீல நிறம். வில்லுக்குப் பதிலாக இப்போது ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன். மறுபடியும் ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு சதவீத வித்தியாசத்துக்கு மேல் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சரியாக அளப்பதற்கு மூன்று, மனைவி படிக்கும்படி எழுத்தைத் திருப்புவதற்கு அரை. நாடாவுக்கு ஒன்றும் கிடையாது.